குவார்ட்டர்பேக்கும் ஃபார்ம்-3ம்

நாட்டின் பின்தங்கிய மாவட்டங்கள் நூற்றுக்கும் மேற்பட்டவற்றைத் தேர்ந்தெடுத்து 2018இல் நிதி ஆயோக் ஒரு பட்டியல் போட்டது. ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ என்று அதற்குப் பெயர். தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்றவை இரண்டுதான்: ராமநாதபுரம், விருதுநகர். பஞ்சாலைகளின் ராஜபாளையம், பேண்டேஜ் துணி நெய்யும் சத்திரப்பட்டி, பால்கோவாவுக்கும் கைத்தறிக்கும் பேர்போன ஸ்ரீவில்லிபுத்தூர் என உழைப்புக்குக் குறைவில்லாத ஊர்கள் விருதுநகர் மாவட்டத்தில்தான் இருக்கின்றன. படிப்புக்கும் குறைவில்லை. ராஜபாளையம் ராஜுக்கள் கல்லூரி 1973 முதல் இயங்குகிறது. கிருஷ்ணன்கோவிலில் 1984இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய கலசலிங்கம், 2006இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. ராம்கோ தொழில்நுட்பக் கல்லூரி 2013இல் வந்தது. இந்தக் கல்லூரி மைதானங்களில் சாயங்காலம் பந்து தட்டும் ஒரு பையனை அந்த ஆட்டம் எதுவரை கொண்டுபோகும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

அதற்கு விடை தேட, இங்கே பெரும்பாலோர் பார்த்தேயிராத ஒரு விளையாட்டிலிருந்து ஒருவரின் வாழ்க்கையை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் குவார்ட்டர்பேக்காக ஆடிய ஜோ பரோ. இவரைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அவர் வளர்ந்ததும் அரசாங்கக் கணக்கில் ஏழை வட்டாரம் என்று எழுதப்பட்ட ஓர் இடம்தான். கல்லூரி விளையாட்டு ஒருவருக்கு என்ன தரும், பதிலுக்கு என்ன பறிக்கும் என்ற இரண்டையும் அவர் வாழ்க்கையில் தெளிவாகப் பார்க்க முடிகிறது.

பந்து யார் கையில்

அமெரிக்க ஃபுட்பால் நாம் ஆடும் கால்பந்து அல்ல. பந்து முட்டை வடிவில் இருக்கும். பெரும்பாலும் கையில்தான் இருக்கும். நூறு கெஜ நீள மைதானம், பக்கத்துக்குப் பதினோரு பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் பத்து கெஜம் முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு கிடைக்கும். முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஒவ்வொரு வாய்ப்பிலும் பந்து முதலில் வந்து சேருவது குவார்ட்டர்பேக்கின் கைக்கு. ஓடுபவரிடம் கொடுப்பதா, தொலைவில் ஓடிக்கொண்டிருக்கும் சக வீரருக்கு எறிவதா, தானே ஓடுவதா என்று அவர் முடிவெடுக்க மூன்று விநாடிக்கு மேல் கிடைக்காது. அதற்குள் நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள நான்கைந்து பேர் அவரை மண்ணில் சாய்க்கப் பாய்ந்து வருவார்கள்.

நமக்குத் தெரிந்த வாலிபாலில் செட்டருக்கு உள்ள இடம் இதற்குச் சற்று நெருக்கமானது. அடித்து ஆர்ப்பரிப்பவர் வேறொருவர்; யார் அடிக்க வேண்டும் என்று தீர்மானிப்பவர் செட்டர். குவார்ட்டர்பேக்கிடம் அந்தத் தீர்மானத்தோடு இன்னொரு பொறுப்பும் இருக்கிறது. பந்து அசைவதற்கு முன்பே எதிரணி நிற்கும் வரிசையைப் படித்து, தன் பத்து பேருக்கும் திட்டத்தை மாற்றிச் சொல்ல வேண்டும். ஆகவே இந்த இடத்துக்குத் தோள்பலம் மட்டும் போதாது. பாடம்போல் உட்கார்ந்து படிக்க வேண்டும், ஒளிப்பதிவுகளைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். ஒரு குவார்ட்டர்பேக் உருவாக ஆண்டுக்கணக்கில் ஆகிறது. அந்த ஆண்டுகளுக்கு யார் பொறுப்பேற்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

ஏதென்ஸ் என்ற ஊர்

பரோ 1996 டிசம்பர் 10இல் அயோவா மாநிலத்தின் ஏம்ஸ் நகரில் பிறந்தார். தந்தை ஜிம்மி பரோ கல்லூரி அணிகளின் பயிற்சியாளர். வேலை மாற மாற, குடும்பமும் நெப்ராஸ்கா, நார்த் டகோட்டா என்று ஊர் மாறியது. 2005இல் தந்தைக்கு ஓஹையோ பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்த பிறகுதான், ஓஹையோ மாநிலத்தின் தென்கிழக்கு மூலையிலுள்ள ஏதென்ஸில் நிலைத்தார்கள்.

ஏதென்ஸ் மாவட்டத்தின் கதை, தொழில் போன ஊர்களின் கதை. அப்பலாச்சிய மலைத்தொடரின் அடிவாரத்தில் ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்கங்கள் ஏராளமாக இருந்தன. சுரங்கங்கள் மூடப்பட்டன, வேலையும் அவற்றோடு போனது. 1804இல் தொடங்கிய பல்கலைக்கழகம் ஒன்றே மிஞ்சிய பெரிய நிறுவனம். ஓஹையோவிலேயே வறுமை விகிதம் மிக அதிகமுள்ள மாவட்டங்களில் ஒன்று இது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும். பரோவின் வீடு ஏழை வீடு அல்ல. தொழில்முறைப் பயிற்சியாளரான தகப்பனார் வீட்டிலேயே இருந்தார். ஆனால் வறுமை அவருடைய வகுப்பறையில் பக்கத்து இருக்கையில் இருந்தது. அவர் ஆடிய பள்ளி அந்த ஏழைப் பிள்ளைகளின் பள்ளி. அந்த அணி 2014இல் ஆடிய 14 ஆட்டங்களையும் வென்று மாநில இறுதிக்குப் போய், 56–52 என்று தோற்றது. அந்த ஆண்டு ஓஹையோவின் சிறந்த பள்ளி வீரர் விருது பரோவுக்குக் கிடைத்தது.

மூன்று ஆண்டு, 39 வீச்சு

2015 ஜனவரியில், பள்ளிப் படிப்பைச் சற்று முன்கூட்டியே முடித்து, கொலம்பஸிலுள்ள ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். நாட்டின் மிகப் பெரிய அணிகளில் அது ஒன்று. அங்கே மூன்று ஆண்டுகள் பெரும்பாலும் ஓரத்தில்தான் நின்றார். முதல் ஆண்டு ஆடவே இல்லை. அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் முன்னணி வீரருக்கு ஓய்வு கொடுக்கும் நேரத்தில்தான் களம் இறங்கினார். 2017இல் கை எலும்பு முறிந்தது. அந்த இடைவெளியில் டுவெய்ன் ஹாஸ்கின்ஸ் என்ற இன்னொரு இளைஞர் வரிசையில் முந்திவிட்டார். மூன்று ஆண்டுகளில் பரோ ஆட்டங்களில் எறிந்த பந்துகள் மொத்தம் 39.

நம் ஊர்க் கணக்கில் பார்த்தால் இந்தப் பையன் ‘ஊத்திக்கிட்டவன்’. ஆனால் அந்த 39 வீச்சுக்குப் பின்னால் வேறு ஒரு கணக்கும் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று ஆண்டுகளில் அவர் நுகர்வோர், குடும்ப நிதி தொடர்பான பாடத்தில் பட்டப்படிப்பை முடித்துவிட்டார். அன்றிருந்த விதிப்படி ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் ஃபுட்பால் வீரர் பொதுவாக ஓராண்டு ஆடாமல் காத்திருக்க வேண்டும்; பட்டம் முடித்தவருக்கு மட்டும் காத்திருப்பு கிடையாது. ஆட வராத முதல் ஆண்டும் வீணாகவில்லை. ஐந்து ஆண்டுக்குள் நான்கு பருவம் ஆடலாம் என்பதால் அவருக்கு இன்னும் இரண்டு பருவங்கள் கையில் இருந்தன. 2018இல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறினார்; அங்கே முதுகலையும் படித்தார்.

அதாவது படிப்புதான் அவருக்கு ஆட்டக் கதவைத் திறந்தது. இந்த ஒரு விவரத்துக்காகவே அவர் வாழ்க்கையை நாம் படிக்கலாம். விளையாட்டும் படிப்பும் எதிரெதிர் தட்டுகள் என்று நம் வீடுகளில் சொல்லிச் சொல்லியே வளர்க்கிறோம். படிப்பைச் சாவியாக்கும் விதி ஒன்று இருந்தால், வீரர் தாமாகவே படிப்பார்.

ஒரு பருவம், ஓர் உரை

புதிய பல்கலைக்கழகம் இருந்த பேட்டன் ரூஜ் நகரில் முதல் ஆண்டும் அதிசயம் எதுவும் நடக்கவில்லை. 13 ஆட்டங்களில் 16 டச்டவுன் வீச்சுகள் (எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைச் சேர்த்துப் புள்ளி பெறுவது டச்டவுன்), பரவாயில்லை ரகம். 2019 ஜனவரியில், நியூ ஆர்லியன்ஸ் தொழில்முறை அணியில் இளநிலைப் பயிற்சியாளராக இருந்த ஜோ பிரேடி பல்கலைக்கழகத்துக்கு வந்து, தாக்குதல் முறையை மாற்றியமைப்பதில் பெரும்பங்கு வகித்தார். ஜஸ்டின் ஜெஃபர்சன், ஜமார் சேஸ் போன்ற பந்து பிடிப்பவர்களும் அதே அணியில் இருந்தார்கள். பரோவின் தந்தை தம் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மகனின் கடைசிக் கல்லூரிப் பருவத்தை நேரில் பார்க்கப் போனார்.

அந்தப் பருவத்தில் அணி ஆடிய 15 ஆட்டங்களையும் வென்றது. பரோ எறிந்தவை 527. சேர வேண்டிய கைக்குச் சேர்ந்தவை 402. டச்டவுன் 60. முந்தைய ஆண்டின் 16 எப்படி 60 ஆனது? தோள் அதே தோள்தான். ஒரு புதிய முறை, அதைக் கற்றுக்கொள்ளும் அளவுக்கு ஏற்கெனவே நான்கு ஆண்டு கல்லூரியில் பழகிய மூளை, தொடர்ச்சியாக ஆட்டங்கள் என்ற மூன்றும் சேர்ந்தன. அரையிறுதியில் ஓக்லஹோமாவுக்கு எதிராக முதல் பாதியிலேயே ஏழு டச்டவுன் எறிந்தார். 2020 ஜனவரி 13இல் இறுதியாட்டத்தில் கிளெம்சனை 42–25 என்று வென்றார்கள்.

உள்ளூர் ஆட்டங்கள் நடந்த டைகர் ஸ்டேடியத்தில் 1,02,321 இருக்கைகள். 2011 கணக்கெடுப்பின்படி ஸ்ரீவில்லிபுத்தூர் நகராட்சியின் மக்கள்தொகை சுமார் 75 ஆயிரம். கைக்குழந்தை முதல் கிழவி வரை ஊரே போய் உட்கார்ந்தாலும் கால்வாசி இடம் காலியாக இருக்கும். அதுவும் மாணவர்கள் ஆடும் ஆட்டம்.

2019 டிசம்பர் 14, நியூயார்க். ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது, அதன் வரலாற்றில் அதுவரை இல்லாத வாக்கு வித்தியாசத்தில் பரோவுக்குக் கிடைத்தது. மேடையில் குரல் உடைந்தது. நன்றி சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவே தன் ஊரைப் பற்றிப் பேசினார். தென்கிழக்கு ஓஹையோ மிக வறிய பகுதி என்றும், பள்ளி முடிந்து வீடு திரும்பும்போது மேசையில் உணவில்லாத பிள்ளைகளுக்காகத் தான் அங்கே நிற்பதாகவும், அவர்களும் அங்கே வந்து நிற்க முடியும் என்றும் சொன்னார். ஒரு நிமிடத்துக்குள் அடங்கும் பேச்சு. ஏதென்ஸ்காரர் ஒருவர் முகநூலில் உள்ளூர் உணவு வங்கிக்காக நிதி திரட்டத் தொடங்கினார். அது 5 லட்சம் டாலரைத் தாண்டியது. பள்ளி மைதானத்துக்கு ஊர் அவர் பெயரை வைத்தது.

யார் உடல், யார் பணம்

இதோடு நிறுத்தினால் இது வெறும் புகழ்மாலை. மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும்.

அந்த வெற்றிப் பருவத்தில் பரோ பெற்ற சம்பளம் பூஜ்யம். கல்விக் கட்டணம், தங்கல், சாப்பாடு, சிறு உதவித்தொகை என்று கல்லூரி வீரருக்குத் தரக்கூடியவை அனைத்துக்கும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்சிஏஏ வரம்பு கட்டியிருந்தது. வெற்றி பெற்ற அதே மாதத்தில் அணியின் தலைமைப் பயிற்சியாளர் எட் ஓர்ஜெரோனுக்கு ஆறு ஆண்டுகளுக்கு 4 கோடியே 20 லட்சம் டாலருக்கு மேல் ஒப்பந்தம் போடப்பட்டது. 2021இல் அவரைப் போகச் சொன்னபோதும் சுமார் 1 கோடியே 70 லட்சம் டாலர் கொடுத்துத்தான் அனுப்பினார்கள். இறுதியாட்டம் முடிந்த களத்தில், அதே பல்கலைக்கழகத்தின் பழைய மாணவரும் தொழில்முறை நட்சத்திரமுமான ஓடெல் பெக்கம் ஜூனியர் வீரர்களுக்கு நோட்டுகளை எடுத்துக் கொடுத்தது பெரிய சர்ச்சையானது. கோடிகள் புரளும் இடத்தில் சில நோட்டுகள்தான் குற்றமாகத் தெரிந்தன.

2021 ஜூன் 21இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆல்ஸ்டன் வழக்கில், கல்வி தொடர்பான சலுகைகளுக்கு என்சிஏஏ விதித்த வரம்பு செல்லாது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. பத்தே நாளில், தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்தி மாணவர்கள் சம்பாதிக்கலாம் என்ற விதி வந்தது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற இன்னொரு சமரசத்தின்படி பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டுக்கான உச்சவரம்பு ஒரு பல்கலைக்கழகத்துக்குச் சுமார் 2 கோடி டாலர். பரோவின் கல்லூரிக் காலம் இவை எல்லாவற்றுக்கும் முன்பே முடிந்துவிட்டது.

அவருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை என்று தோன்றலாம். 2020இல் தொழில்முறை அணிகளின் தேர்வில் நாட்டிலேயே முதல் ஆளாக சின்சினாட்டி பெங்கால்ஸ் அவரை எடுத்தது. 2023இல் ஐந்தாண்டுக்கு 27 கோடியே 50 லட்சம் டாலர் ஒப்பந்தம். ஆனால் கல்லூரியில் ஆடுபவர்களில் தொழில்முறைக்குப் போகிறவர்கள் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவு. மீதிப் பேருக்குக் கல்லூரி ஆட்டமே கடைசி ஆட்டம். உதவித்தொகை பெற்றவர்களுக்கு எஞ்சுவது அவர்கள் படித்த படிப்பு.

அடுத்தது உடல். தொழில்முறை முதல் ஆண்டிலேயே, 2020 நவம்பரில், பரோவின் இடது முழங்கால் தசைநார்கள் கிழிந்தன. அறுவைக்குப் பின் மீண்டு வந்து அடுத்த பருவத்திலேயே அணியை சூப்பர் பவுல் இறுதியாட்டம் வரை கொண்டுபோனார். 23–20 என்று தோற்றார்கள். 2023இல் எறியும் கையின் மணிக்கட்டு, 2025இல் கால் பெருவிரல் என்று அடிகள் தொடர்ந்தன. கண்ணுக்குத் தெரியாத அடி இன்னும் மோசம். பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட முடிவின்படி, ஆய்வுக்கென்று தானமாக வந்த முன்னாள் தொழில்முறை வீரர்களின் 111 மூளைகளில் 110இல் தொடர்ந்த தலை அடிகளால் வரும் சிதைவு நோய் இருந்தது. கல்லூரி மட்டத்தில் ஆடி நிறுத்தியவர்களின் 53 மூளைகளில் 48இல் இருந்தது. அறிகுறி கண்ட குடும்பங்களே பெரும்பாலும் தானம் செய்திருப்பார்கள் என்பதால் எல்லா வீரருக்கும் இதே விகிதம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் அலட்சியப்படுத்தக்கூடிய எண் அல்ல.

ஆகவே அந்த அமைப்பை அப்படியே கொண்டுவந்து இறக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இறக்கிப் பார்த்த கதையும் உண்டு. எலைட் ஃபுட்பால் லீக் ஆஃப் இந்தியா என்ற தொழில்முறைப் போட்டி 2012இல் அமெரிக்க முதலீட்டோடு தொடங்கியது. கொழும்புக்கும் ஓர் அணி இருந்தது. வேறு விளையாட்டுகளில் இருந்தவர்களைத் திரட்டிச் சில மாதப் பயிற்சியில் களத்தில் இறக்கினார்கள். அது வேர்பிடிக்கவில்லை. பள்ளியிலும் கல்லூரியிலும் ஆடப்படாத விளையாட்டை உச்சியில் மட்டும் நட்டுவைத்தால் வேறென்ன ஆகும்?

இங்கே என்ன கிடைக்கிறது

இப்போது ராஜபாளையத்துக்கு வருவோம். இங்கே குவார்ட்டர்பேக் இல்லை. கூடைப்பந்தில் பந்தை நடத்திச் செல்லும் வீரர் இருக்கிறார், வாலிபால் செட்டர் இருக்கிறார், கபடியில் ரெய்டர் இருக்கிறார். பள்ளியில் பி.டி. சார் ஒருவர் கண்ணில் படுகிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கல்லூரி சீட். இதுவரை பாதை ஏறக்குறைய பரோவின் பாதைதான். பிரிவது இதற்குப் பிறகு.

கல்லூரி வீரரின் இலக்கு எது என்று மைதானத்தில் கேட்டால் ‘ஃபார்ம்-3’ என்ற பதில் வரும். மத்திய அரசுப் பணிகளில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்குச் சான்றிதழ்கள் எண் போட்ட படிவங்களில் தரப்படுகின்றன. நாட்டுக்காக ஆடியவருக்கு ஃபார்ம்-1. மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியவருக்கு ஃபார்ம்-2. பல்கலைக்கழக அணிக்காக, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியவருக்கு ஃபார்ம்-3. அதில் பல்கலைக்கழக விளையாட்டுத் துறைப் பொறுப்பாளரின் கையெழுத்து இருக்க வேண்டும். பள்ளி மட்டத் தேசியப் போட்டிக்கு ஃபார்ம்-4. ஒரு தாள்தான். ஆனால் ரயில்வே, அஞ்சல், வருமான வரி என்று எந்த அறிவிப்பு வந்தாலும் அந்தத் தாள்தான் பேசும். தமிழ்நாடு அரசுப் பணிகளிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு.

இதை இழிவாகப் பார்க்க எனக்கு மனமில்லை. மில் தொழிலாளியின் மகனோ தறிக்காரர் மகளோ ஆட்டத்தின் வழியே அரசு வேலைக்குப் போவது, லட்சத்தில் ஒருவருக்குக் கோடி டாலர் கிடைப்பதைவிட நியாயமான ஏற்பாடு என்றுகூடச் சொல்லலாம். சிக்கல் வேறு இடத்தில். தாள் கையில் வந்ததும் ஆட்டம் நிற்கிறது. தாள் வராதவருக்கோ கல்லூரி முடிந்த அன்றே எல்லாம் நிற்கிறது. சான்றிதழைக் குறிவைத்து அமைந்த ஏற்பாட்டில் வீரர் வளர்வதற்கான ஆண்டுகள் எங்குமே எழுதப்படவில்லை.

ஆட்ட எண்ணிக்கையைப் பாருங்கள். பெரும்பாலான இன்டர்-காலேஜ் போட்டிகள் ‘நாக்-அவுட் கம் லீக்’ முறையில் நடக்கின்றன. கடைசி நான்கு அணிகளுக்கு மட்டும்தான் லீக்; அதற்கு முன் ஒரு தோல்வி என்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். காலையில் ராஜபாளையத்தில் பஸ் ஏறி, எண்பது கிலோமீட்டருக்கு மேல் போய் மதுரையில் இறங்கி, ஒரு மணி நேரம் ஆடித் தோற்றுத் திரும்பும் அணிக்கு அந்த ஆண்டின் பருவம் அவ்வளவே. பரோ தம் கடைசி ஆண்டில் மட்டும் 15 ஆட்டம் ஆடினார் என்பதை இதன் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆடாமல் எந்தச் செட்டரும் தீர்மானம் எடுக்கப் பழகுவதில்லை.

அடுத்தது வேலி. ராஜுக்கள் கல்லூரி மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. அதே ஊரில் உள்ள ராம்கோ தொழில்நுட்பக் கல்லூரி அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி, ராஜபாளையத்திலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சத்தில் இருக்கும் கலசலிங்கம் தனிப் பல்கலைக்கழகம். மூன்றுக்கும் மூன்று தனித்தனிப் போட்டி வரிசைகள். ஒரே டவுன் பஸ்ஸில் வந்து போகக்கூடிய பிள்ளைகள், எப்போதாவது நடக்கும் அழைப்புப் போட்டிகளைத் தவிர, ஒருவருக்கொருவர் எதிராக முறைப்படி ஆட வழியில்லை. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் உயிர்நாடி பக்கத்து ஊர்ப் போட்டி. இங்கே பக்கத்து ஊரோடு ஆட முடியாதபடி வரைபடம் போட்டு வைத்திருக்கிறோம்.

மூன்றாவது, படிப்பு. போட்டிக்குப் போகும் மாணவருக்கு ‘ஓ.டி.’ (ஆன் டியூட்டி) கிடைக்கும், வருகைப் பதிவேட்டில் பிரச்சினை வராது. ஆனால் தவறிய வகுப்பையும் இன்டர்னல் தேர்வையும் யார் திருப்பித் தருவார்கள் என்பது அந்தந்த ஆசிரியரின் மனசைப் பொறுத்தது. ஓ.டி. வருகையைக் காப்பாற்றுகிறது, படிப்பைக் காப்பாற்றுவதில்லை. அரியர் விழுந்த வீரர் முதலில் கைவிடுவது மைதானத்தைத்தான்.

நான்காவது, காயம். ‘லிகமென்ட் போச்சு’ என்ற இரண்டு வார்த்தையில் எத்தனையோ கபடி, வாலிபால் கதைகள் முடிந்திருக்கின்றன. பரோவின் முழங்காலுக்கு அணி மருத்துவர் இருந்தார், மாதக்கணக்கில் மறுவாழ்வுப் பயிற்சி இருந்தது. இங்கே செலவும் வலியும் பெரும்பாலும் குடும்பத்தின் கணக்கில்.

பக்கத்திலேயே ஒரு சான்று

அமெரிக்கப் பணமில்லாமலும் ஏணியைக் கட்ட முடியும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். தெற்கே கோவில்பட்டி இருக்கிறது. தலைமுறைகளாக ஹாக்கி ஆடும் அந்த ஊரில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் சிறப்பு ஹாக்கி விடுதி இயங்குகிறது. உள்ளூர்க்காரர் மாரீஸ்வரன் சக்திவேலும், அரியலூரிலிருந்து வந்து கோவில்பட்டியில் பயின்ற கார்த்தி செல்வமும் 2022 ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடினார்கள். பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே கார்த்தி கோல் அடித்தார். விடுதி, மைதானம், பயிற்சியாளர், ஆண்டு முழுக்க ஆட்டம், ஆட்டத்தை மதிக்கும் ஊர் என்று எல்லாக் கண்ணிகளும் அங்கே ஒன்றோடொன்று சேர்ந்திருக்கின்றன.

அரசு சும்மா இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். முதலமைச்சர் கோப்பையில் கல்லூரிப் பிரிவு தனியாக உண்டு. 2020 முதல் கேலோ இந்தியா பல்கலைக்கழகப் போட்டிகள் நடக்கின்றன. 2024 ஜனவரியில் சென்னை, மதுரை, திருச்சி, கோவையில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டியில் தமிழ்நாடு 38 தங்கத்தோடு இரண்டாம் இடம் பிடித்தது. பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களைக் கண்டுபிடித்து வளர்ப்பதில் மாநிலம் தேறிவிட்டது. பதினெட்டிலிருந்து இருபத்துமூன்று வரையிலான இடைவெளிதான் நிரம்பவில்லை. ஹைஸ்மன் மேடையில் நின்றபோது பரோவுக்கு வயது இருபத்துமூன்று முடிந்து நான்கு நாள் என்பதை நினைவில் கொள்ளலாம். அதே வயதில் நம் வீரர்களில் பெரும்பாலோர் ஆட்டத்தை விட்டு ஓராண்டோ இரண்டாண்டோ ஆகியிருக்கும்.

அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியவை கல்லூரிகள். அதற்கு லட்சம் பேர் அமரும் அரங்கம் தேவையில்லை. ராஜபாளையம், கிருஷ்ணன்கோவில், சிவகாசி, சாத்தூர், விருதுநகர்க் கல்லூரிகள் எந்தப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவையானாலும், ஒரு விளையாட்டை எடுத்துக்கொண்டு, உள்ளூரில் ஒன்று எதிரூரில் ஒன்று என்று ஆண்டு முழுக்க லீக் ஆடலாம். எட்டு கல்லூரிகள் சேர்ந்தால் ஒவ்வொரு அணிக்கும் பதினான்கு ஆட்டம். கிட்டத்தட்ட பரோ ஆடிய அளவு. சனிக்கிழமை சாயங்காலம் மைதானத்தைத் திறந்துவிட்டால் ஊர் வந்து பார்க்கும். ஆட்டத்துக்குப் போனவருக்கு இன்டர்னல் தேர்வை மறுபடி எழுத உரிமை, காயம்பட்டவருக்குக் காப்பீடு, பட்டம் முடித்தவர் முதுகலையில் சேர்ந்தால் தொடர்ந்து ஆட இடம் ஆகிய மூன்றையும் எழுத்தில் கொடுக்க வேண்டும். பெண்கள் அணிகளுக்கும் இதே அட்டவணை, இதே மைதானம், இதே நேரம்.

கோட்டாவில் சீட் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று நினைக்கும் கல்லூரி, வீரரைத் தன் விளம்பரப் பலகைக்கு மட்டும் பயன்படுத்துகிறது. அவர் வளர்வதற்கு ஐந்து ஆண்டு தருகிற கல்லூரிக்குத்தான் அவரை ‘எங்கள் பிள்ளை’ என்று சொல்லிக்கொள்ள உரிமை உண்டு. இந்த வட்டாரக் கல்லூரிகளின் முதல்வர்களும் உடற்கல்வி இயக்குநர்களும் ஒரு நாள் ஒரே மேசையில் உட்கார்ந்தால் அட்டவணை தயாராகிவிடும். வரும் கல்வியாண்டிலேயே அதைச் செய்ய வேண்டும்.